பார்படோஸுக்கு விசா வேண்டாம், வழியில் வேண்டும்

இந்தியப் பாஸ்போர்ட்டில் கரீபியன் தீவு நாடான பார்படோஸுக்குச் சுற்றுலா போக விசா தேவையில்லை. 90 நாள் வரை தங்கலாம். இதை மட்டும் படித்துவிட்டு மலிவான டிக்கெட்டைப் போடுகிறவர்களைச் செக்-இன் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம், டிரான்சிட் விசா, அதாவது வழியில் விமானம் மாறும் நாட்டின் விசா.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. லண்டனில் விமானம் மாற, வெளியே வராவிட்டாலும் டிரான்சிட் விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்றவை கையில் இருந்தால் பெரும்பாலும் விலக்கு உண்டு. ஆனால் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி கேட்விக் விமான நிலையத்தில் ஏறுவதாக இருந்தாலோ, தனித்தனி டிக்கெட் எடுத்ததால் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டியிருந்தாலோ குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும். அதற்கு விசா வகையே வேறு. அமெரிக்கா வழி என்றால் இடையில் இறங்குபவரும் அங்கே குடியேற்றச் சோதனைக்குப் போகத்தான் வேண்டும், ஆகவே விசா கட்டாயம். டிக்கெட்டுக்கு முன் விசா விதியைப் பாருங்கள்.

வருகைப் படிவத்தைப் பார்படோஸ் அரசின் இணையதளத்திலேயே நிரப்பிவிடலாம். திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிட முகவரியையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராணுவ உடைபோல் திட்டுத்திட்டாக இருக்கும் 'கேமஃப்ளாஜ்' வடிவம் போட்ட உடை, பை, தொப்பி எதுவும் வேண்டாம். அங்கே அது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கில்லை.

ஊருக்குள் சுற்ற பஸ்ஸே போதும். நீலத்தில் மஞ்சள் பட்டை போட்டது அரசுப் பஸ். மஞ்சளில் நீலப் பட்டை தனியார் மினிபஸ். வெள்ளையில் அரக்குப் பட்டை போட்டது 'இசட்-ஆர்' வேன். எதில் ஏறினாலும், எவ்வளவு தூரம் போனாலும் 3.50 பார்படோஸ் டாலர்தான். 2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலருக்குச் சமம். அரசுப் பஸ்ஸில் மீதிச் சில்லறை தர மாட்டார்கள், வெளிநாட்டுப் பணமும் வாங்க மாட்டார்கள். சில்லறை இல்லையென்றால் வேனில் ஏறுங்கள்.

நிறுத்தப் பலகையில் தலைநகர் பிரிட்ஜ்டவுனை நோக்கியா, நகரைவிட்டு வெளியேயா என்று எழுதியிருக்கும். கை காட்டாமல் நின்றால் பஸ் நிற்காது. தெற்குக் கரைக்கு 11-ஆம் எண் வேன் அடிக்கடி ஓடும். மேற்குக் கரையில் ஸ்பைட்ஸ்டவுன் வரை போகவும் சிரமமில்லை. கிழக்கே பாத்ஷெபா கடற்கரைக்குத்தான் பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. திரும்பும் நேரத்தை விசாரிக்காமல் அங்கே போகாதீர்கள். அந்தக் கடல் பார்ப்பதற்கு, நீந்துவதற்கல்ல.

கிழக்கும் வடக்கும் பார்க்க ஓரிரு நாள் கார் எடுப்பது நல்லது. சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நமக்குப் பழக்கம்தான். நம் ஊர் லைசென்ஸைக் காட்டி, கார் தருபவரிடமே 10 பார்படோஸ் டாலருக்கு இரண்டு மாத அனுமதிச் சீட்டு வாங்கலாம். உட்சாலைகள் குறுகல், இருபுறமும் கரும்பு வளர்ந்திருந்தால் திருப்பத்தில் எதிரே வருவது தெரியாது, வேகத்தைக் குறையுங்கள். டாக்சிக்கு மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே தொகையைக் கேட்டு, எந்த டாலர் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.