துப்பாக்கி இருந்த கைகள்

பூமியில் சிக்கிக்கொண்ட ஈ.டி. என்ற வேற்றுக்கிரக உயிரைச் சிறுவர்கள் காப்பாற்றும் கதை, 1982இல் வந்த 'ஈ.டி.' ஹாலிவுட் படம். அதை 2002இல் மறுவெளியீடு செய்தபோது, மிதிவண்டியில் தப்பிக்கும் சிறுவர்களைத் துரத்தும் அதிகாரிகளின் கைகளிலிருந்த துப்பாக்கிகளைக் கணினி வரைகலையால் அழித்து, அங்கே வாக்கி டாக்கிகளை வைத்தார் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். குழந்தைகள்மீது கொண்ட அக்கறைதான் காரணம். ஆனாலும் என் மனம் அதை ஏற்கவில்லை. துப்பாக்கியைக் கண்டு நெஞ்சு பதறினால்தானே, அடுத்த கணம் ஈ.டி.யின் ஆற்றலால் மிதிவண்டிகள் வானில் எழும்போது உடம்பு சிலிர்க்கும்? படைத்தவரே ஆனாலும், இருபது ஆண்டுகளாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்ட காட்சியைத் திருத்தும் உரிமை அவருக்கு இல்லை என்றே நான் கருதுகிறேன். 2012இல் வந்த ப்ளூ ரே வட்டில் துப்பாக்கிகள் திரும்பிவிட்டன. அந்த மாற்றத்தைத் தாம் செய்திருக்கவே கூடாது என்று 2023இல் ஸ்பீல்பெர்க் வெளிப்படையாக வருந்தியபோது, அவர்மீது எனக்கிருந்த மதிப்பு மேலும் கூடியது.