நிரல் எழுதும் வேலையைவிட்டு வெளியே வந்த வழி

பெங்களூரு நிறுவனம் ஒன்றில் ஜாவா நிரலாளராக இருந்த நான், 2025 மே மாத இறுதியில் அந்த வேலையிலிருந்து விலகி, சேலத்தில் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியில் கணினித் துறை விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் எதை எந்த வரிசையில் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் ‘விடலாமா, வேண்டாமா’ என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மனம் நொந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சின்னச் சின்னக் கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் விடை கிடைக்கிறது என்பதே என் அனுபவம்.

2020இல் கொரோனா ஊரடங்கின்போது வீட்டிலிருந்து வேலை என்று சேலம் வந்தவன், அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டின் மாடி அறையிலேயே பணியைத் தொடர்ந்தேன். பணப் பரிவர்த்தனை தொடர்பான ஒரு பழைய மென்பொருளைப் பராமரிப்பது எங்கள் குழுவின் பொறுப்பு. பழுது வந்தால் எந்நேரமும் எழுந்து சரிசெய்ய வேண்டிய ஆன்-கால் பொறுப்பு முறை வைத்து வரும் வாரங்களில் இரவு இரண்டு மணிக்கும் கைப்பேசி அலறும். 2022க்குப் பிறகு நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவலாயின; எங்கள் குழுவிலும் நுழைந்தன. அவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால், யோசித்து எழுதும் வேலையாக இருந்தது, யாரும் யோசித்து எழுதாத வரிகளைப் படித்துச் சரிபார்க்கும் வேலையாக மாறியதில் எனக்குப் பெரிய இழப்பு உண்டு. திங்கட்கிழமை காலை, அவரவர் வேலை நிலவரத்தைச் சொல்லும் ஸ்டாண்ட்-அப் கூட்டத்துக்கு முன்பு வயிற்றைப் பிசையும் நிலை வந்தபோது, இது வெறும் சோம்பல் இல்லை என்று புரிந்தது.

முதலில் செய்தது மருத்துவரைப் பார்த்தது. தைராய்டு சுரப்புக் குறைபாடோ பி12 வைட்டமின் குறைபாடோ இருந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால், வேலையைக் குற்றம் சொல்லுமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. எனக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது. சிகிச்சையில் உடல் தேறியது, மனம் தேறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை விளக்கியபோது அதை நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்று வகைப்படுத்தி, ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் என மூன்று கூறுகளைச் சொன்னது. மூன்றும் எனக்குப் பொருந்தின. டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே ஒருவரிடம் பேச முடிந்தது. வீட்டாரிடம் சொல்லத் தயங்கியதை அங்கே தயங்காமல் சொன்னேன்.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒவ்வொரு நாளும் எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை, எந்த வேலையில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இரண்டு வரி எழுதுவேன். சில மாதங்கள் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது, சிக்கலான பிழை ஒன்றின் மூலத்தைத் தேடிப் போவதும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அதை விளக்குவதும் எனக்கு இன்னும் இனித்தன என்று தெரிந்தது. கசந்தவை கால மதிப்பீட்டுக் கூட்டங்களும், இரவு அழைப்புகளும், டிக்கெட் என்ற பெயரில் வந்து ஒருபோதும் தீராத பழுதுப் புகார்களும். ஆகவே என் மேலாளரிடம் பேசி, ஆன்-கால் இல்லாத ஒரு குழுவுக்கு மாற்றல் வாங்கினேன். வேலையைவிட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனெனில் தூக்கம் திரும்பியதே எனக்குப் பாதி ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தக் குழுவில் கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை, தேடிப் பிடிக்கும்படியான சிக்கலும் இல்லை.

ஐடி வேலை அலுத்துப்போன சேலத்துக்காரர்கள் எல்லோருடைய மனத்திலும் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. எனக்கும் இருந்தது, என் தாய்மாமாவுக்கு நாகலூர் பக்கம் உண்மையாகவே ஒரு சிறு தோட்டம் உண்டு என்பதால் அந்த ஆசை இன்னும் வலுவாக இருந்தது. 2024 டிசம்பரில், பழம் பறிக்கும் பருவத்தில், சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு அங்கே போய்த் தங்கினேன். பழுத்ததை மட்டும் கிள்ளி, பச்சையைக் கொத்திலேயே விட வேண்டும். அன்று பறித்ததை அன்றே தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, களத்தில் பரப்பிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மாலையில் பனி இறங்குமுன் குவித்து மூடிவிட வேண்டும். அங்கே விளையும் அராபிகா வகைக் காபிச் செடிக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. தண்டின் பட்டை இடுக்குகளில் அது முட்டையிடாமல் இருக்க, தேங்காய் நாரில் செய்த கையுறையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு செடியாகக் குனிந்து பட்டையைத் தேய்த்துவிடுவார்கள். துளை விழுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாமா தட்டிப் பார்த்தே எந்தச் செடி உள்ளே அரிபட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு எல்லாத் தண்டும் ஒன்றுபோலவே ஒலித்தது.

அந்த டிசம்பரில் உலகச் சந்தையில் அராபிகா விலை 1977க்குப் பிறகு காணாத உயரத்துக்குப் போயிருந்தது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டதற்கு மாமா சொன்னது: “மாப்ள, இந்த வருசத்து வெலைய வெச்சுக் கணக்குப் போடாத. பத்து வருசத்து வெலைய வெச்சுப் போடு. பூ மழ தப்புன வருசத்தையும் அதுல சேத்துக்க.” மாசி, பங்குனியில் பெய்யும் அந்த மழை பொய்த்தால் பூ ஒழுங்காகப் பூக்காது, பூக்காவிட்டால் ஓராண்டு வருமானமே போய்விடும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து இரண்டு நூற்றாண்டுகளாகக் காபி விளையும் மலை அது. அங்கே தோட்டம் வைத்துப் பிழைப்பவர்களின் அறிவு தலைமுறைகளாகச் சேர்ந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததில், அந்தத் தோட்டம் மாமா குடும்பத்துக்கே அளவாகத்தான் போதும் என்று தெரிந்தது. மலை எனக்கு ஓய்வு தந்தது, தொழில் தரவில்லை. அதை அங்கே போய்த் தங்கித் தெரிந்துகொண்டதால் அந்த ஆசை என்னை அதற்குப் பிறகு அலைக்கழிக்கவில்லை.

நோட்டுப் புத்தகம் காட்டிய வழியில், சனிக்கிழமைகளில் ஒரு பாலிடெக்னிக்கில் சி மொழி கற்பிக்க அனுமதி கேட்டுப் போனேன். பத்தாம் வகுப்பு முடித்து நேராக டிப்ளமோ சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். பல மதிப்புகளை அடுத்தடுத்து வைக்கும் வரிசையின் (array) எண் ஏன் ஒன்றில் தொடங்காமல் சுழியத்தில் தொடங்குகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த எண் நினைவகத்தில் வரிசையின் தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி இருக்கிறோம் என்பதைக் குறிப்பது, முதல் உறுப்பு தள்ளியே இல்லை, ஆகவே சுழியம் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினேன். ஓடும் பேருந்தில் ஊருக்குத் திரும்பும் வரைக்கும் அடுத்த வாரம் இதை இன்னும் எப்படித் தெளிவாகச் சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளாக என் நிரல் எனக்குத் தராத நிறைவு அது.

சம்பளம் முன்பு வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. என் மனைவி சேலத்திலேயே வேலையில் இருக்கிறார். “ஏங்க, வருமானம் கொறையறது எனக்குப் பயமில்லைங்க. எவ்வளவு கொறையும்னு தெரியாம இருக்கறதுதான் பயம்” என்றார். அவர் சொன்னபடியே, வேலையில் இருக்கும்போதே வரப்போகும் சம்பளத்தில் வீட்டை நடத்திப் பார்த்தோம். மிச்சமானதை வீட்டுக் கடனின் அசலில் கட்டினோம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. தவணை குறைந்த பிறகுதான் விலகல் கடிதத்தைப் பற்றிப் பேசினோம்.

விலகும் தேதியைப் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பார்த்து முடிவு செய்தேன். நான் விலகியபோது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரே நிறுவனத்தில் 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் கிடைக்கும்; கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து அதைக் கணக்கிடுவார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கணக்கில் வரும் என்பதால், அது கடந்த பிறகு முடியும்படி 90 நாள் நோட்டீஸ் கொடுத்தேன். பணம் சொன்ன காலத்தில் வரவில்லை. 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும் என்ற விதியை மேற்கோள் காட்டி மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிய பிறகே வந்தது. இவற்றைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

பலர் கவனிக்காமல் விடுவது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசிப் பணிநாளோடு முடிந்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டுகள் வரை போகலாம். குழுக் காப்பீட்டில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்தில் குடும்பப் பாலிசிக்கு மாறினால், கடந்த ஆண்டுகள் அதில் கழியும். நோட்டீஸ் காலத்திலேயே அதை முடித்தேன்.

பி.எஃப்.இல் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆதாரில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல், பி.எஃப். கணக்கிலோ அப்பாவின் பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருந்தது. என்னுடைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) பழையது என்பதால் பெயர்த் திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டது. விலகிய பிறகு இதற்காகப் பழைய அலுவலகத்தின் வாசலில் நிற்பது கடினம். ரிலீவிங் லெட்டர் வாங்குமுன்பே, நாமும் நிறுவனமும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழியைக் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். வெளியேறிய தேதியை நிறுவனம் பதியாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழித்து நாமே பதியலாம். நான் பணத்தை எடுக்காமல் புதிய கல்லூரியின் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். பி.எஃப்.ஓடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் என் சேவை 10 ஆண்டுகளைக் கடந்துவிட்டதால் அந்தப் பகுதியை மொத்தமாக எடுக்கவும் வழியில்லை. 58 வயதில் அது ஓய்வூதியமாக வரும்.

கல்லூரியிலும் அலுப்பூட்டும் வேலைகள் உண்டு. ஆவணக் கோப்புகள், வருகைப் பதிவு, மதிப்பெண் பதிவேற்றம் என்று மாலை நேரம் கரைகிறது. அவற்றையும் அதே நோட்டில் எழுதி வருகிறேன். கடனில் இன்னும் சில ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன. கோடை விடுமுறையில் நானும் மனைவியும் வரவு செலவை மறுபடி உட்கார்ந்து பார்ப்பதாக இருக்கிறோம், துண்டு விழுந்தால் பழைய நண்பர்கள் கேட்கும் பகுதி நேர நிரல் வேலையை அந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்வேன்.