கரண்ட் போனால் கைத்தறியும் நிற்கும்

"கரண்ட் போயிடுச்சு தம்பி, இனி தறி ஓடாது" என்றார் காஞ்சிபுரத்து நெசவாளர் அண்ணன்.

சிரித்துவிட்டேன். கைத்தறிக்கு எதற்குக் கரண்ட்?

அவர் மேலே கை காட்டினார். தறியின் தலையில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி; டிசைனுக்கு ஏற்ப இழைகளைத் தூக்கிவிடும் கருவி. பக்கத்தில் மஞ்சள் நூலில் கட்டித் தொங்கும் பென்டிரைவ். முந்தானை மயிலும் பார்டர் யாளியும் அதற்குள்தான் இருக்கின்றனவாம்.

முன்பு அந்த வேலையைச் செய்த ஓட்டை போட்ட அட்டைகள்? ஒன்று, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

குனிந்து எடுத்துப் பார்த்தேன்.

ஓட்டை இருந்தால் பாவு இழை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், மேலே எழும். இல்லாவிட்டால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். குறுக்கு நூலான ஊடை ஒருமுறை போக ஓர் அட்டை. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த ஏற்பாடு இது. இதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், கணினிக்கு முன்னோடியான தன் கணக்கு இயந்திரத்துக்கும் ஓட்டை அட்டை போதும் என்று திட்டமிட்டார்.

ஆக, தறியிலிருந்து போன யோசனை கணினியாகித் தறிக்கே திரும்பியிருக்கிறது. பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி. கொஞ்சம் அதிகாரத்தோடுதான்!

"அட்டை கோக்குற வேலை மிச்சம். ஆனா கோர்வை போட இன்னும் பக்கத்துல ஒரு ஆள் வேணும்" என்றார் அண்ணன். கோர்வை என்றால் சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து இணைப்பது; ஊடையைக் கொண்டுபோகும் நாடா மூன்று. அந்த ஆள் எப்போதும் அண்ணிதான். பென்டிரைவில் அவருக்கு ஓய்வு ஏதும் ஏற்றவில்லை போல.

கரண்ட் வந்தது. பெட்டி கீச்சிட்டது.

பாதி குடித்த டீயை வைத்துவிட்டு அண்ணி நாடாவை எடுத்தார்.