"எந்த இடம் பிடிச்சுதும்மா?"

அவர் கேட்டது இவ்வளவுதான். பதில் சொல்ல நான் எடுத்துக்கொண்டது பத்து நொடி இருக்கும். அந்தப் பத்து நொடிதான் நாலு வருஷமாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் ஒரு நிறுவனத்தில் அப்போது எனக்குப் போனில் பேசும் வேலை. விளம்பரத்தைப் பார்த்துப் படிவம் நிரப்பியவர்களின் பட்டியல் காலையில் கைக்கு வரும். ஒவ்வொருவரிடமும், "உங்க படைப்பு தேர்வாகியிருக்கு சார், எங்க எடிட்டோரியல் டீம் படிச்சுட்டு ரொம்பப் பாராட்டினாங்க" என்று தொடங்க வேண்டும். அப்படி ஒரு டீம் அங்கே கிடையாது. யாருடைய எழுத்தையும் நாங்கள் நிராகரித்ததும் கிடையாது. பாராட்டைக் கேட்ட சந்தோஷத்தில் பெரும்பாலும் எல்லாரும், "எவ்வளவு ஆகும்?" என்றுதான் அடுத்துக் கேட்பார்கள். இவர் விலையைக் கேட்கவில்லை.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்துப் போட்டதே, அதற்குப் பிறகு வாரக்கணக்கில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்த நாட்களை எழுதியிருந்தார். நோட்டில் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கமாக போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். 140 படங்கள். நான் ஒன்றைக்கூடத் திறந்திருக்கவில்லை.

"நீங்க படிச்சீங்களா?" என்றார். "படிச்சேன் சார்" என்றேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

போனைக் காதில் வைத்துக்கொண்டே கணினியில் ஏதோ ஒரு படத்தைத் திறந்தேன். கரண்ட் வந்த ராத்திரி. வேரோடு சாய்ந்து கிடந்த தன் பலாமரத்தின் மேல் சாய்ந்தபடி ஒரு பெரியவர் தூங்குகிறார். கரண்ட் வந்துவிட்டது என்று சொல்லப் போன இவர், எழுப்பாமல் திரும்பி வந்துவிடுகிறார். நாலு வரிதான் இருக்கும்.

"அந்தப் பெரியவரை எழுப்பாம வந்தீங்களே சார், அந்த இடம்."

மறுமுனையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அத எடுத்துடலாம்னு இருந்தேம்மா. யாருக்குப் புரியப்போவுதுன்னு" என்றார்.

அன்று மாசக் கடைசி. இன்று சாயங்காலத்துக்குள் கட்டினால்தான் சலுகை என்றேன். நாளைக்கும் அதே விலைதான். 34,000 ரூபாய் கட்டினார்.

அந்தப் பேக்கேஜில் என்னென்ன இருந்தது என்று இப்போது எண்ணிப் பார்த்தால் கூசுகிறது. ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு 2,500 ரூபாய் போட்டிருந்தோம். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. 2016 முதல் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், எழுதியவரே தன் பெயரில் வாங்கிக்கொள்ளவும் செய்யலாம். பதிப்புரிமைப் பதிவுக்கு 6,000. அரசுக் கட்டணம் 500 ரூபாய். அதுவும் கட்டாயமில்லை, எழுதிய கணமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. நூலகங்களுக்கு அனுப்புவோம் என்று சொல்வோம். வாங்குவார்கள் என்று சொல்ல மாட்டோம். சென்னைப் புத்தகக் காட்சியில் உங்கள் புத்தகம் இருக்கும் என்போம். எத்தனை பிரதி, எத்தனை நாள் என்று யாராவது கேட்டால்தான் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் குறைவு. வார்த்தைகளை அந்த அளவுக்கு யோசித்துத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் காசு விஷயத்தில் எனக்கு இவ்வளவு உறுத்தல் இல்லை. விலையை நான் வைக்கவில்லை. 34,000 என்பது அவருக்கும் தெரிந்து கொடுத்த பணம், 40 பிரதி கைக்கும் போனது. பேத்தி பள்ளியில் காட்டினாளாம், பழைய செக்‌ஷன் ஆபீஸில் எல்லாருக்கும் கொடுத்தாராம். பெரிய பதிப்பகங்களுக்கு அனுப்பியிருந்தால் பதிலுக்கே மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பதில் வராமலும் போகலாம். இதையெல்லாம் எனக்கு நானே நிறைய முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த நாலு வரியை அவர் எடுக்காமல் விட்டதற்குக் காரணம்கூட நான்தானே என்று ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்க என்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் புத்தகம் அச்சாகி வந்த பிறகு நான் அதை முழுதாகப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் சேற்றில் கம்பம் இறங்கி உடன் வேலை பார்த்தவரின் கால் நசுங்கிய சம்பவம் மூன்று இடத்தில் வருகிறது. மூன்றாவது இடத்தில்தான் அது முழுசாக இருக்கிறது. முதல் இரண்டையும் எடுத்திருந்தால் போதும், புத்தகமே வேறாக இருந்திருக்கும். படித்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். 140 பக்கம், ஒரு ராத்திரி வேலை. அவர் விலையைக் கேட்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டது இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதியதை யாரோ ஒருவர் படித்தாரா என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை வேறு. நன்றியுரையில், தன் முதல் வாசகர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார். அதில் மட்டும் பிழை இல்லை.

அதற்கப்புறம் மூன்று மாதத்தில் வேலையை விட்டேன். இதனால்தான் விட்டேன் என்று சொல்ல ஆசைதான். சம்பளம் தாமதமானதும் ஒரு காரணம். இப்போது பிழைதிருத்துநராக இருக்கிறேன், பக்கம் இவ்வளவு என்று கணக்கு.

போன மாதம் அவர் கூப்பிட்டார். "இரண்டாவது புத்தகம் தேர்வாயிருக்குன்னு உங்க ஆபீஸ்லேந்து சொல்றாங்கம்மா. நோட்டு இன்னும் வீட்டுலதான இருக்கு, எப்படி தேர்வாச்சு?" என்றார். ஐஎஸ்பிஎன்னிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், காசு கட்ட வேண்டாம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். தன்னிடம் அப்போது வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் நோட்டை நான் படிக்காமலே பேசினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெரியவர் தூங்குகிற இடம் அவருக்கு இனி என்ன ஆகும் என்று நினைத்ததும் நின்றுவிட்டது. அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று இங்கே எழுதலாம். எனக்காகவும்தான்.

"அப்ப நோட்ட உங்களுக்கே அனுப்புறேன், படிச்சுட்டுச் சொல்லுங்க" என்றார். கூரியரில் வந்துவிட்டது. இந்த முறை போட்டோ இல்லை, நோட்டையே அனுப்பியிருக்கிறார். 42-ஆம் பக்கத்தில் இருக்கிறேன். இரண்டு இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.