சாய்தளக் கணக்கில் உராய்வு எந்தப் பக்கம்?

சாய்தளக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் சைன், கொசைனால் அல்ல. உராய்வு எவ்வளவு, எந்தப் பக்கம் என்று பார்க்காமலேயே, 'குணகம் பெருக்கல் செங்குத்து விசை' (தளம் பெட்டியைத் தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை) என்று எழுதிவிடுவதால்தான். உராய்வு முன்கூட்டியே தெரிந்த எண் இல்லை. பெட்டி நிற்கிறதா, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்த பிறகுதான் அதன் மதிப்பு கிடைக்கும்.

5 கிலோகிராம் பெட்டி, 30 டிகிரி சாய்வு, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். அச்சுகளைத் தளத்தோடு சேர்த்துச் சாய்த்துவிட்டால் முடுக்கம் முழுக்க ஒரே அச்சில் விழும், வேலை பாதியாகக் குறையும். எடை 49 நியூட்டன். தளத்தின் வழியே கீழ்நோக்கிய கூறு 24.5 நியூட்டன், தளத்துக்குச் செங்குத்தான கூறு 42.4 நியூட்டன். எது சைன், எது கொசைன் என்று குழப்பமானால் சாய்வைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள்: கிடைத்தளத்தில் கீழே இழுக்கும் கூறு மறைய வேண்டும், மறைவது சைன்தான். படத்தில் இரண்டு கூறுகளையும் வரைந்தபின் எடைக்கான அம்புக்குறியையும் கணக்கில் சேர்த்தால் எடை இரண்டு முறை வந்துவிடும். கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியனில் (கோணத்தின் வேறொரு அலகு) இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இருந்தால் சைன் 30-க்கு அது −0.988 என்று காட்டும். பார்த்ததுமே சந்தேகம் வரும். சைன் 20-க்கோ 0.913 என்று காட்டி நல்லபிள்ளைபோல இருக்கும். சரியான விடை 0.342.

இப்போது உராய்வு. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்போம். ஓய்வில் தளம் தாங்கக்கூடிய உச்ச உராய்வு 0.4 × 42.4, அதாவது 17.0 நியூட்டன். இழுப்பது 24.5, ஆகவே பெட்டி சறுக்கும். சறுக்கத் தொடங்கியதும் 0.4-ஐ மறந்துவிட வேண்டும். இயக்க உராய்வு 12.7 நியூட்டன். மிச்சம் 11.8 நியூட்டன், முடுக்கம் 2.35 மீ/வி².

அதே பெட்டியை 20 டிகிரி சாய்வில் வையுங்கள். கீழே இழுப்பது 16.8 நியூட்டன், உச்ச உராய்வு 18.4 நியூட்டன். இரண்டையும் கழித்தால் மேல்நோக்கி 1.6 நியூட்டன் மிஞ்சும். யாரும் தொடாத பெட்டி தானாக மேலே ஏறுகிறது என்று விடை வரும்! உண்மையில் இங்கே உராய்வு 16.8 மட்டும்தான். 18.4 என்பது வரம்பு. தேவை எவ்வளவோ அவ்வளவுதான் தளம் கொடுக்கும். ஆனால் இதே பெட்டியைக் கீழ்நோக்கி லேசாகத் தட்டிவிட்டால் நிற்காது, 0.59 மீ/வி² முடுக்கத்தோடு இறங்கும். 16.7 டிகிரிக்கும் 21.8 டிகிரிக்கும் இடையில் எந்தச் சாய்விலும் இப்படித்தான்: வைத்தால் நிற்கும், தட்டினால் வேகமெடுக்கும்.

மேல்நோக்கித் தள்ளிவிட்ட பெட்டிக்கு ஒரே சமன்பாட்டைப் போய்வரும் பயணம் முழுவதற்கும் போடக்கூடாது. 30 டிகிரியில் 6 மீ/வி வேகத்தில் மேலே அனுப்பினால், ஏறும்போது உராய்வும் கீழ்நோக்கியே இருக்கும், வேகம் 7.45 மீ/வி² வீதம் குறைந்து, 2.42 மீட்டரில் பெட்டி நிற்கும். அந்தப் புள்ளியில் மறுபடி கேட்க வேண்டும்: அங்கேயே தங்குமா? 24.5, 17.0-ஐவிடப் பெரிது, ஆகவே தங்காது. இறங்கும்போது முடுக்கம் 2.35. ஏற 0.81 வினாடி, இறங்க 1.43 வினாடி, புறப்பட்ட இடத்துக்கு வரும்போது வேகம் 3.37 மீ/வி.

கப்பி வந்தால் திசையே கேள்வியாகும். அதே 30 டிகிரி தளத்தின் உச்சியில் உள்ள உராய்வில்லாத, எடையற்ற கப்பி வழியாக, பெட்டியில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் 2 கிலோகிராம் தொங்கவிட்டால் அதன் இழுப்பு 19.6 நியூட்டன். குறையும் 4.9 நியூட்டனை உராய்வு மேல்நோக்கித் தருகிறது. அதை எடுத்துவிட்டு 3 கிலோகிராம் மாட்டினால் இழுப்பு 29.4, அதே 4.9 இப்போது கீழ்நோக்கி. இரண்டிலும் பெட்டி அசையவில்லை. 5 கிலோகிராம் தொங்கினால் வரம்பு உடையும்: 49-இலிருந்து 24.5-ஐயும் 12.7-ஐயும் கழித்து, மொத்த நிறை 10-ஆல் வகுத்தால் 1.18 மீ/வி². இங்கே கயிற்றின் இழுவிசையை 49 என்று எழுதுவது பழைய வியாதி. தொங்கும் நிறையும் முடுக்கமடைகிறது என்பதால் இழுவிசை 43.1 நியூட்டன்தான்.

செங்குத்து விசை எப்போதும் 'எடை பெருக்கல் கொசைன்' என்று மனப்பாடம் செய்வதும் ஆபத்து. 30 டிகிரி சாய்வில் கிடையாக 20 நியூட்டனால் தளத்தை நோக்கித் தள்ளினால், அதில் 10 நியூட்டன் தளத்தை அழுத்தும். செங்குத்து விசை 52.4 ஆகிறது, உராய்வின் வரம்பும் 21.0 ஆகிறது.

குணகத்தை அளக்க, பலகையை மெல்ல உயர்த்தி, பெட்டி நழுவும் நிலையில் உயரத்தை அடித்தளத்தின் நீளத்தால் வகுக்கவும், பலகையின் நீளத்தால் அல்ல. 100 சென்டிமீட்டர் பலகையின் நுனி 37.1 சென்டிமீட்டர் உயர்ந்ததும் நழுவினால், அடித்தளம் 92.9, குணகம் 0.40. பலகை நீளத்தால் வகுத்தவருக்கு 0.37 வரும்.

பெட்டிக்குப் பதில் அதே 5 கிலோகிராமில் ஒரு திண்மக் கோளம் 30 டிகிரியில் வழுக்காமல் உருண்டால், தொடும் இடத்தில் இருப்பது ஓய்வுநிலை உராய்வு, வரம்பு 17.0 என்றாலும் தேவைப்படுவது 7.0 நியூட்டன்தான். முடுக்கம் 3.5 மீ/வி². இந்த 3.5-ஐ வெறுமனே சைன் 30-ஆல் வகுத்துப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கப் போனால் 7 என்று வரும். உராய்வில் தொலைந்த ஆற்றல் அல்ல இது. கோளத்தைச் சுழற்றப் போன பங்கு.