ஆனிக் காற்றும் அத்தானின் கார்பன் சைக்கிளும்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் சீமையில் காற்றுக்கு ஒரே திசைதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, கணவாய் வழியாக வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கி, மேற்கிலிருந்து கிழக்கே ஒரே ஓட்டமாக ஓடும். முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது அழகுக்கு இல்லை. பாளையங்கோட்டையில் கொடியில் துணி காயப்போடுகிற எல்லோருக்கும் இது தெரியும். சென்னையிலிருந்து வந்திருந்த அத்தானுக்குத் தெரியாது. சொன்னேன். "மாப்ள, இது ஏரோ ஃபிரேம், காத்தைக் கிழிச்சுட்டுப் போகும்" என்றார். அக்கா வீட்டுக்காரர் சொன்ன பிறகு அதற்கு மேல் பேசினால் மரியாதையாக இருக்காது.

சைக்கிள் கார்பன், எடை ஏழு கிலோ. விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல், ஆனால் அக்காவுக்குச் சொல்லப்பட்ட விலை வேறு. இருந்த லீவில் நெல்லையிலிருந்து கிழக்கே திருச்செந்தூர் ரோட்டில் போய்க் கோயில்களையும் ஆதிச்சநல்லூரையும் பார்த்துவிட்டு ஆழ்வார்திருநகரியில் திரும்புவது என்று திட்டம், போக வர 70 கிலோமீட்டர் சுமார். உள்ளூர்ப் பையன்கள் இந்த மாதங்களில் மேற்கேதான் போவார்கள், முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், பத்தமடை என்று சேரன்மகாதேவி வரைக்கும் காற்றோடு மல்லுக்கட்டிவிட்டு, திரும்பும்போது மிதிக்காமலே வீட்டுக்கு வந்துவிடலாம். ஓட்டுகிற பாதையையும் வேகத்தையும் கணக்கு வைக்கிற அத்தானின் ஆப் அதையெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பாளையங்கோட்டையைத் தாண்டியதுமே முதுகில் காற்று ஏறிவிட்டது. என்னுடைய பழைய கியர் சைக்கிளே பறந்தது என்றால் அவருடையதைக் கேட்கவா வேண்டும்? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஏழு கிலோ எம்மாத்திரம். "முப்பத்தெட்டு! மாப்ள, நாப்பது!" என்று ஆப்பைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனார். சென்னை ஈ.சி.ஆரில் இந்த வேகம் வந்ததே இல்லையாம். ஊர்த் தண்ணீர்தான் காரணம், தாமிரபரணியில் ஏதோ இருக்கிறது என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

கிருஷ்ணபுரம் வெங்கடாசலபதி கோயிலில் முதல் தடங்கல். இறுக்கமான கறுப்பு டவுசரும், மஞ்சள் பனியனும், அடியில் பிளாஸ்டிக் கட்டை வைத்த ஷூவுமாக அவர் வாத்து நடை நடந்து வந்ததைப் பார்த்த வாசல்காரர், "ஐயா, இந்தக் கோலத்துல உள்ள விட முடியாது" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் தயாள குணம் உள்ளவர். வீட்டுக்குப் போய்ப் பச்சைக் கட்டம் போட்ட சாரம் (லுங்கி) ஒன்றை எடுத்து வந்து, "வரும்போது குடுங்க" என்று கொடுத்தார். மஞ்சள் பனியனுக்குக் கீழே பச்சைச் சாரம், கழற்ற மறந்த ஹெல்மெட். அந்தக் கோலத்தில் நாயக்கர் காலத்துச் சிற்பங்களுக்கு நடுவே அத்தான் நின்றதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அவசரத்துக்கு உதவும்.

ஆனால் அந்த மண்டபத்தைப் பார்த்தால் யாருக்கும் கேலி வராது. நாகாஸ்திரத்தோடு நிற்கிற கர்ணன், தவக்கோலத்து அர்ச்சுனன், வீரபத்திரர், அன்னத்தின் மேல் ரதி, எல்லாம் ஆளுயரத்துக்கும் மேலே, நகக்கண், நரம்பு வரைக்கும் செதுக்கியிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டு வேலை. அரசகுமாரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற குறத்தி ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பார்த்துவிட்டு அத்தான், "என்ன ஸ்டாமினா பாரு" என்றார். அவள் எந்தத் திசையில் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

டீக்கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கே நிறுத்தினாலும் முதல் கேள்வி, "ஸ்டாண்டு எங்க?" இரண்டாவது, "கேரியரும் இல்லையே, மூட்டை எதுல வைப்பீய?" மூன்றாவதுதான் விலை. அத்தான் ஊர் மாறிய தைரியத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார். செய்துங்கநல்லூரில் அந்தக் காசுக்கு இரண்டு கறவை எருமை வரும் என்றார்கள். கருங்குளத்தில் ஒரு புல்லட்டே வாங்கியிருக்கலாமே என்றார் ஒருவர். அவர் பக்கத்தில் இருந்த பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மோட்டாரு பொறவு தனியா மாட்டிக்கிடணுமோ?" என்று கேட்டார். கருங்குளம் குன்றின் மேல் பெருமாள் சந்தனக் கட்டையாக இருக்கிறார், பார்க்க வேண்டிய இடம், ஆனால் அத்தான் நாற்பதில் ஓடிக்கொண்டிருக்கும்போது குன்று எல்லாம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பழங்காலத்து ஆட்களைத் தாழியில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர் பரம்பு ரோட்டை ஒட்டியே இருக்கிறது. பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் 1876இல் தோண்டி எடுத்துக்கொண்டு போனது, அப்புறம் அலெக்சாண்டர் ரீ தோண்டித் தங்கப் பட்டம், இரும்பு ஆயுதம், வெண்கலம், தாழி தாழியாக எடுத்தது எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. 114 ஏக்கர், காலுக்குக் கீழே எங்கே பார்த்தாலும் முன்னோர். தோண்டிய குழியை மூடாமல் மேலே கண்ணாடி போட்டு, தாழிகள் இருந்த இடத்திலேயே பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். வெளியே வந்து அத்தான் சைக்கிளில் ஏறி, முதுகை வளைத்து, தலையைக் குனிந்து, முழங்காலை நெஞ்சுவரை கொண்டுவந்து மிதிக்க ஆரம்பித்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா என்னிடம், "ஏ, தம்பி, உள்ள தாழிக்குள்ள மடக்கி வச்சிருக்கானுவள்லா, அதே மாதிரில்லா உக்காந்து போறாரு" என்றார். இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். தாமிரபரணியின் எட்டு அணைகளில் கடைசி அணை இங்கேதான், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டு நின்றதும் இந்த ஸ்டேஷனில்தான். இந்தப் பக்கத்து ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதியில் முதல் கோயில் இந்த ஊரில், உற்சவருக்குப் பெயர் கள்ளபிரான். காலதூஷகன் என்ற திருடன் கொள்ளையில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்துவந்தான், ஆட்கள் பிடிபட்டதும் பெருமாளே அவன் வேஷத்தில் ராஜாவுக்கு முன்னால் போய் நின்றார் என்பது தல வரலாறு. வாசலில் நின்று இதை நான் சொல்லி முடித்ததும் அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சைக்கிளுக்குப் பூட்டு கிடையாது, எடை கூடும் என்று வாங்கவில்லை. "திருடனுக்கே பெருமாள் சப்போர்ட் பண்ற ஊர்ல வெளிய நிறுத்திட்டுப் போகச் சொல்றியே" என்றார். பூ விற்கிற அக்கா சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பயப்படாம போங்க, ஸ்டாண்டு இல்லாத சைக்கிள எவன் எடுப்பான்?" என்று தைரியம் சொன்னார். மண்டபத் தூண் சிற்பங்களை எல்லாம் ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பூக்கார அக்கா சைக்கிள் ஹேண்டிலில் ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றி வைத்திருந்தார். பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

திரும்பவும் ஆற்றைத் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஆழ்வார்திருநகரி. பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அவசரம். நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளிய மரத்தைச் சுற்றி வந்து அத்தான் கண்ணை மூடிக் கும்பிட்டார், காற்றுக்கு நன்றி சொன்னாரா தன் தொடைக்கு நன்றி சொன்னாரா தெரியாது.

அப்புறம் திரும்பினோம்.

அதுவரைக்கும் முதுகைத் தள்ளிய காற்று இப்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது. நண்பகலில் அது இன்னும் மூர்க்கம் பிடிக்கும். ஆப்பில் முப்பது, இருபது, பதினைந்து, பதினொன்று. ஹேண்டில் கதம்பம் பிய்ந்து என் முகத்தில் வந்து விழுந்தது, ஏனென்றால் நான் அத்தானின் பின்னால் ஒட்டிக்கொண்டு, ஏரோ ஃபிரேம் கிழித்த காற்றில் சொகுசாக வந்தேன். புதுக்குடிக்குப் பக்கத்தில், இடுப்பில் ஒரு குழந்தையோடு நடந்து வந்த அம்மா எங்களை முந்தவில்லைதான், ஆனால் ரொம்ப நேரம் கூடவே வந்தார். "மேல்காத்து தம்பி, பஸ்ல வந்திருக்கலாம்லா" என்று அன்பாகவும் கேட்டார்.

கருங்குளத்தில் அத்தான் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். எதையும் பேசவில்லை. நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன குட்டியானை வேன் ஒன்று தானாகவே நின்றது. டிரைவர் ஒற்றை விரலில் சைக்கிளைத் தூக்கிப் பார்த்து, "என் தாரு ஒண்ணே இதைவிட வெயிட்டு, இதுக்கெல்லாம் வாடகை கிடையாது" என்று தார்களுக்கு மேலே வைத்துவிட்டார். அத்தான் தார்களுக்கு நடுவே உட்கார்ந்தார். கிருஷ்ணபுரத்தில் நிறுத்திச் சாரத்தை மட்டும் மறக்காமல் கொடுக்கச் சொல்லிவிட்டு, நான் மெதுவாக மிதித்து வந்தேன்.

ஆப்பை அணைக்க அவர் மறந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே செய்துங்கநல்லூரிலிருந்து கிருஷ்ணபுரம் வரைக்குமான பாதையில், ஆப்பின் வேகப் பட்டியலில் அத்தான் பெயர் முதலிடத்தில், சராசரி வேகம் மணிக்கு 52 கிலோமீட்டர், அதுவும் எதிர்காற்றில். சென்னை நண்பர்கள் கையெடுத்துக் கும்பிட்டிருந்தார்கள். அழித்துவிடுங்கள் என்றேன், அழிக்கிறேன் என்றார், இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. தினமும் அந்த ரோட்டில் ஓட்டுகிற பாளையங்கோட்டைப் பையன்கள் அதை முறியடிக்கப் படாத பாடு படுகிறார்கள். போன வாரம் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உங்க அத்தான் ரைடுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவாரு?"

"சாப்பிட்டதெல்லாம் இல்லை, சுத்தி வாழைத்தார் இருந்துச்சு" என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் நாலு சைக்கிளிலும் வாழைப்பழச் சீப்பு தொங்குகிறது.