ஜிஸ்ட் கட்டி: மாத்திரை தொடங்கும் முன் எக்ஸான் தெரிய வேண்டும்

ஜிஸ்ட் என்பது இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டி. அதன் பயாப்ஸி (சதைத்துண்டுப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்ததும் எல்லோர் கண்ணும் 'சிடி117 பாசிட்டிவ்' என்ற வரியில்தான் போய் நிற்கும். சிடி117 என்பது கட்டிச் செல்களில் உள்ள கிட் என்ற புரதம்; கட்டி ஜிஸ்ட் என்பதற்கு அது சாட்சி. இமாட்டினிப் என்ற மாத்திரைக்கு அந்தக் கட்டி கேட்குமா என்பது, மரபணுவின் எந்தப் பகுதியில் (எக்ஸான்) மாற்றம் என்று காட்டும் மரபணுப் பரிசோதனையில்தான் தெரியும்.

பரிசோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் சதைத்துண்டைக் கையாளும் இடத்தில். சதையைப் பதப்படுத்தும் 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் 6 முதல் 48 மணி நேரம் ஊறினால் நல்லது. விடுமுறை நாட்களில் டப்பாவிலேயே கிடந்துவிட்டால் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். அழுகிய பகுதியுள்ள பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்த சதைத்துண்டை) அனுப்பிவிட்டு 'மாற்றம் இல்லை' என்ற பதிலை நம்புவது இன்னும் ஆபத்து. நோய்க்குறியியல் மருத்துவர் ஸ்லைடைப் பார்த்து, கட்டிச் செல்கள் நெருக்கமாக உள்ள இடத்தைப் பேனாவால் வட்டமிட வேண்டும்; அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டுச் சுருங்கிய கட்டியில் செல்களே குறைவு, அதனால் சிகிச்சைக்கு முந்தைய பிளாக்கைத் தேடி எடுங்கள்.

கிட் மரபணுவில் எக்ஸான் 9, 11, 13, 17, பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் 12, 14, 18 எல்லாம் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றம் கிட் எக்ஸான் 11-இல் என்றால் தினம் 400 மி.கி. இமாட்டினிப் நன்றாகவே கேட்கும். சிறுகுடல் கட்டிகளில் அதிகம் வரும் எக்ஸான் 9 என்றால், பரவிய நோய்க்கு, உடல் தாங்குவதைப் பார்த்து 800 வரை படிப்படியாக ஏற்றுவார்கள். பிடிஜிஎஃப்ஆர்ஏ எக்ஸான் 18-இல் டி842வி என்ற மாற்றம் என்றால் இமாட்டினிப் வீண்: அது புரதத்தின் ஓய்வு நிலையைத்தான் பிடிக்கும், இந்த மாற்றமோ புரதத்தை முடுக்கிய நிலையிலேயே வைத்திருக்கும். அதற்கென 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அவாப்ரிடினிப் என்ற மருந்து இருக்கிறது. வெறும் வயிற்றில் 300 மி.கி. மறதி, தடுமாற்றம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால், குறிப்பாக இளம் வயதினரின் இரைப்பைக் கட்டியில், எஸ்டிஹெச்பி என்ற புரதம் செல்களில் இருக்கிறதா என்று பார்க்கும் சாயப் பரிசோதனை கட்டாயம்.

இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; ரத்தத்தில் இமாட்டினிப் அளவை அது வெகுவாகக் குறைத்துவிடும்.

முதல் சிடி ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். உள்ளே கறுத்து, அடர்த்தி 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்றே பொருள். சென்டிமீட்டரை மட்டும் எழுதும் ரிப்போர்ட்டில் இது தவறிப்போகும். அடர்த்தி எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பின்னாளில் கட்டி மீண்டும் வளர்ந்தால் அதே கிட் மரபணுவில் இரண்டாவது மாற்றம் முளைத்திருக்கலாம். எக்ஸான் 13, 14 என்றால் சுனிடினிப் என்ற மற்றொரு மருந்து ஓரளவு கேட்கும், 17 என்றால் அது தடுமாறும். அடுத்த மருந்து கைக்கு வரும்வரை மருத்துவரைக் கேட்காமல் இமாட்டினிப்பை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த செல்களும் சேர்ந்து வளரத் தொடங்கும்.